ஃபைப்ரோமயால்ஜியாவோடு பண்டிகைக் காலத்தைப் படுத்துவிடாமல் கடப்பது எப்படி?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடல் முழுக்க நாள்பட்ட வலியும் அசதியும் தரும் நோய், என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. ஒவ்வொரு பண்டிகைக்கும் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிறீர்கள். அது முடிந்ததும் பத்துப் பதினைந்து நாள் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறீர்கள். இந்த முறை அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது, அந்த நான்கு நாட்களுக்கு மட்டும் வலி மாத்திரையைக் கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், வீட்டில் யாருக்கும் இது புரிவதில்லை, வேலைக்குப் பயந்து நடிப்பதாக நினைக்கிறார்கள் என்று ஒரு வரி. எல்லோரோடும் சேர்ந்து நானும் கொண்டாட வேண்டும், ஆனால் அதற்காக இரண்டு வாரம் படுத்துக் கிடக்க முடியாது, இது நடக்கிற காரியமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எனக்குப் படுகிறது. நடக்கிற காரியம்தான். வலியே இல்லாமல் கடந்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதினைந்து நாள் படுக்கையை இரண்டு மூன்று நாள் அசதியாகக் குறைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். பதினேழு வருடமாக நாள்பட்ட வலி உள்ளவர்களோடு வேலை செய்கிறேன், அவர்களில் பெரும் பகுதியினர் உங்களைப் போன்றவர்கள். அசைவு, ஓய்வு, தூக்கம், வேலையைப் பிரித்துச் செய்வது இவையெல்லாம் என் துறை. மருந்தை எழுதுவதும் அளவை மாற்றுவதும் என் வேலை இல்லை. மாத்திரையைப் பற்றி நான் சொல்லப்போவதை, உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பண்டிகை முடிந்ததும் ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்கலாம், ஏனென்றால் காரணம் புரிந்தால் பாதி முடிவுகளை நீங்களே எடுத்துவிடுவீர்கள். ஃபைப்ரோமயால்ஜியாவில் தசையோ மூட்டோ அரிக்கப்படுவதில்லை. வலிச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பு மண்டலமும் அதைப் படித்துப் பார்க்கும் மூளையும் அளவுக்கு மீறி உஷாராக இருக்கின்றன. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோய் உள்ள 16 பேரின் கட்டைவிரல் நகத்தை அழுத்திக்கொண்டே மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். அவர்களுக்கு லேசான அழுத்தத்திலேயே மூளையின் வலிப் பகுதிகள் சுறுசுறுப்பாகிவிட்டன. ஆரோக்கியமானவர்களுக்கு அதே அளவு வலி வருவதற்கு அதைவிட நிறைய அழுத்த வேண்டியிருந்தது. 2017-ல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் இப்படிப்பட்ட வலிக்கு ‘நோசிபிளாஸ்டிக்’ என்று தனிப் பெயரே கொடுத்தது. அடிபட்டதால் வரும் வலி, நரம்பு பழுதானதால் வரும் வலி இரண்டுக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது வகை இது. உங்களுக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது: பண்டிகைக்கு அப்புறம் வரும் வலி எவ்வளவு கடுமையாக இருந்தாலும், உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது, தேய்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம் இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடிய சில விஷயங்களில் இதுவும் ஒன்று. பயம் குறைந்தால் உடல் இறுக்கமும் குறைகிறது, இதை நான் தினமும் பார்க்கிறேன்.

இந்த அதிக உஷார் வலியோடு நிற்பதில்லை. சத்தம், வெளிச்சம், வாசனை, குளிர் எல்லாமே உங்களுக்குக் கூடுதலாகத்தான் தெரியும். இப்போது ஒரு பண்டிகை வீட்டை நினைத்துப் பாருங்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், பாட்டு ஓடுகிறது, விளக்குகள் எரிகின்றன, சமையலறையிலிருந்து புகையும் வாசனையும் வருகின்றன, குழந்தைகள் ஓடுகிறார்கள். ஒரு வேலையும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் உங்கள் நரம்பு மண்டலம் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. “நான் ஒன்றுமே செய்யவில்லையே, சும்மா உட்கார்ந்துதானே இருந்தேன், ஏன் இப்படி அடித்துப்போட்டது போல இருக்கிறது?” என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் இதுதான். ஆகவே ஓய்வு என்றால் உட்காருவது என்று கணக்கு வைக்காதீர்கள். கதவைச் சாத்திய, வெளிச்சம் குறைந்த, பேச்சு இல்லாத ஓர் அறையில் பதினைந்து இருபது நிமிடம் இருப்பதுதான் உங்களுக்கு ஓய்வு. கூட்டத்துக்கு நடுவே ஒரு மணி நேரம் சோபாவில் சாய்ந்திருப்பது அதற்கு ஈடாகாது. வேறு வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், எந்த அறையில் போய் ஒதுங்கலாம் என்று அந்த வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கடைசியில் குளியலறையில் போய் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது தூக்கம். நீங்கள் கேள்வியில் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை, ஆனால் நான் முதலில் கையை வைப்பது அங்கேதான். 1975-ல் மோல்டோஃப்ஸ்கி என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும், எந்த நோயும் இல்லாத ஆட்களை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவிடாமல் சத்தம் எழுப்பிக் கலைத்துக்கொண்டே இருந்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்கு உடல் முழுக்க வலியும் அசதியும் வந்துவிட்டன. ஆரோக்கியமானவருக்கே அப்படி என்றால், ஏற்கெனவே தூக்கம் மேலோட்டமாக இருக்கும் உங்களுக்கு மூன்று இரவு நேரம் கெட்டுத் தூங்குவது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பண்டிகைக் காலத்தில் சீக்கிரம் படுக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் நான் படுக்கும் நேரத்தைப் பிடித்துத் தொங்குவதில்லை, எழுந்திருக்கும் நேரத்தைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். இரவு எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் வழக்கமான நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். பகலில் கண் சொக்கினால், மூன்று மணிக்கு முன்னால் இருபது முப்பது நிமிடம் மட்டும் படுங்கள். விருந்தாளி வரும்போதெல்லாம் கூடவே ஒரு காபி குடிக்கும் வழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள். காஃபின் உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காபியின் பாதி இரவு பத்து மணிக்கும் உங்கள் ரத்தத்தில் இருக்கும்.

இப்போது வேலைக்கு வருகிறேன். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், கடிகாரம் சொன்னதும் நிறுத்துங்கள். உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் செய்வது என்ன? நல்ல நாளாக இருந்தால் பிடித்த வேலையை முடிக்கும் வரை விடுவதில்லை, வலி தாங்க முடியாத அளவுக்குப் போன பிறகுதான் நிறுத்துகிறார்கள். அப்புறம் மூன்று நாள் படுக்கை. கொஞ்சம் தேறியதும், விட்டுப்போன வேலையையும் சேர்த்துச் செய்ய ஓடுகிறார்கள். மறுபடியும் படுக்கை. இந்தச் சுழலில் ஒரு பொல்லாத விஷயம் இருக்கிறது. செய்த வேலைக்கான வலி அன்றே முழுதாக வருவதில்லை. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வருகிறது. அதனால் ‘இப்போது வலிக்கவில்லையே’ என்பதை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துதான் போவோம். எட்டு மணிக்குத் தொடங்கி ஒரே நிலையில் நின்று பதினொன்று வரை சமையல் செய்தபோது நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்த மூன்று மணி நேரத்துக்கான கணக்கு அடுத்த நாள் மாலைதான் வந்து சேரும்.

உங்கள் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். நின்று செய்யும் வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், காய் நறுக்குவது என்று வைத்துக்கொள்வோம். நல்ல நாளில் எத்தனை நிமிடம் முடிகிறது, மோசமான நாளில் எத்தனை நிமிடம் முடிகிறது என்று நாலைந்து நாள் குறித்து வாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சராசரி வரும். அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். இருபத்தைந்து நிமிடம் சராசரி என்றால் இருபது நிமிடம் உங்கள் அளவு. இருபது நிமிடம் ஆனதும் போனில் மணி அடிக்க வையுங்கள். அடித்ததும், வேலை பாதியில் இருந்தாலும், உடம்பு நன்றாக இருந்தாலும், உட்காருங்கள், அல்லது வேறு தசைக்கு வேலை கொடுக்கும் இன்னொரு வேலைக்கு மாறுங்கள். ஐந்து பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வாருங்கள். முதல் வாரம் இது எரிச்சலாகத்தான் இருக்கும். என்னிடம் வந்த ஒரு அம்மா, “நறுக்கின காயை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் எனக்கு வலியைவிட அந்த நினைப்புதான் அரிக்கிறது” என்றார். அவரை நாற்காலியில் உட்கார்ந்தபடி நறுக்கச் சொன்னேன், அவ்வளவுதான் செய்த மாற்றம். அந்த வருடம் பண்டிகை முடிந்து ஐந்தாம் நாள் தானாக நடந்து என்னைப் பார்க்க வந்தார்.

இந்தப் பிரித்துச் செய்யும் முறையை ஆங்கில உலகில் ‘பேஸிங்’ என்பார்கள். இதற்கு ஆதாரம் எவ்வளவு வலுவானது என்று கேட்டால், உடற்பயிற்சிக்கு இருக்கும் அளவுக்கு இல்லை. ஆய்வுகள் ஒன்றுபோல இல்லை, ஒவ்வொன்றும் இதை ஒவ்வொரு விதமாக விளக்கிக்கொள்கிறது. இதையே சாக்காக வைத்து ஒவ்வொரு வேலையாகக் குறைத்துக்கொண்டே போனவர்களுக்கு இது நன்மை செய்வதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அளவு வைப்பது தொடர்ந்து செய்வதற்காக. அளவை ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பண்டிகை வாரத்தில் மட்டும் கூட்ட வேண்டாம்.

இன்னொன்று, பண்டிகை நாளைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் ஆளைச் சாய்ப்பது அதற்கு முந்தைய வாரம்தான். வீட்டைத் துடைப்பது, பரணில் இருப்பதை இறக்குவது, கடைகளில் நிற்பது, பரிசுகளைக் கட்டுவது, துணிகளைத் துவைத்து மடிப்பது என்று அந்த வாரத்திலேயே கையிருப்பு எல்லாம் தீர்ந்துவிடுகிறது. பண்டிகை நாளன்று வெறும் மன உறுதியில் நிற்கிறீர்கள். ஆகவே ஒரு தாளில் எல்லா வேலையையும் எழுதுங்கள். இதை நான் செய்யாவிட்டால் யாருக்கு வருத்தம் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதுங்கள். பாதி வேலைகளுக்கு உங்கள் பெயர் மட்டும்தான் வரும். அவற்றை அடித்துவிடலாம். மீதியில் தலைமேல் கையைத் தூக்கிச் செய்யும் வேலைகள், குனிந்து செய்யும் வேலைகள், பாரம் தூக்கும் வேலைகள் மூன்றையும் வேறு ஆளுக்குக் கொடுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் ஒன்றிரண்டை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டால் எதற்குப் பண்டிகை? பண்டிகைக்கு முந்தைய நாளையும் அடுத்த இரண்டு நாளையும் எந்த வேலையும் வைக்காமல் காலியாக விடுங்கள். அடுத்த நாள் ஒரு விருந்து, அதற்கடுத்த நாள் ஒரு பயணம் என்று அடுக்கினால், மேலே சொன்னது எதுவும் பலிக்காது.

உடற்பயிற்சியை இந்த நாட்களில் நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்பார்கள். வீட்டு வேலை என்பது ஒரே தசையைத் திரும்பத் திரும்ப இறுக்குவது. நடப்பதோ நீந்துவதோ எல்லாத் தசைக்கும் சீராக ரத்தத்தைக் கொண்டுபோவது. ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்களின் அமைப்பு 2016-ல் ஃபைப்ரோமயால்ஜியா சிகிச்சைக்கான பரிந்துரைகளைப் புதுப்பித்தபோது, மருந்து உட்பட எல்லா சிகிச்சைகளையும் அலசிப் பார்த்து, ஒன்றே ஒன்றைத்தான் ‘உறுதியாகப் பரிந்துரைக்கிறோம்’ என்று சொன்னது. அது உடற்பயிற்சி. எந்த வகை என்பது அவ்வளவு முக்கியமில்லை. 2018-ல் 226 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில் தை சி என்ற மெதுவான அசைவுப் பயிற்சி, வழக்கமான ஏரோபிக் பயிற்சிக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ பலன் கொடுத்தது. பண்டிகை நாட்களில் வழக்கத்தில் பாதி செய்தால் போதும். தினமும் முப்பது நிமிடம் நடப்பவர் என்றால் பதினைந்து நிமிடம், அதுவும் காலையில், வீடு விழித்துப் பரபரப்பாவதற்கு முன்னால். இதுவரை நடக்கும் பழக்கமே இல்லை என்றால், பண்டிகை வாரத்தில் திடீரென்று தொடங்காதீர்கள். இன்றைக்கு ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரமாவது ஆகும் என்பதால் இந்தப் பண்டிகைக்கு அது பெரிதாக உதவாது, அடுத்ததற்கு உதவும்.

சரி, மாத்திரை. நீங்கள் எந்த மாத்திரை என்று எழுதவில்லை. கடையில் எளிதாகக் கிடைக்கும் ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை என்றால், அவை வீக்கத்தோடு வரும் வலிக்கானவை. ஃபைப்ரோமயால்ஜியாவில் வீக்கம் இல்லாததால் அவை தனியாக இந்த வலியில் வேலை செய்வதாக நல்ல ஆதாரம் கிடையாது. கூட மூட்டுத் தேய்மானமோ வேறு ஏதாவதோ இருந்தால் அந்த வலிக்கு உதவலாம். நாலு நாள் இரட்டிப்பாகப் போட்டால் வலி பாதியாகக் குறையாது, வயிறும் சிறுநீரகமும்தான் சிரமப்படும். டுலாக்செடின், பிரீகாபலின், குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் போன்றவை வேறு ரகம். அவை நரம்பு மண்டலத்தின் உஷாரைத் தணிப்பவை. இவற்றில் பிரீகாபலின் 2007-லும் டுலாக்செடின் 2008-லும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பால் இந்த நோய்க்கென்றே அனுமதிக்கப்பட்டவை. இவை அன்றாடம் ஒரே அளவில் எடுத்தால்தான் பலன் தரும். அந்த நாலு நாளுக்குக் கூட்டிக்கொள்வதில் லாபமில்லை, தலைசுற்றலும் மயக்கமும்தான் கூடும். பயணத்தில் மறந்துபோய் இரண்டு நாள் விட்டுவிடுவதும் ஆபத்துதான். டுலாக்செடினைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும். பிரீகாபலினை நிறுத்துவதும் படிப்படியாகத்தான். டிரமடால் என்ற வலி மாத்திரையை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்ததிலிருந்து வாங்கிப் போட்டுக்கொள்வதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். டுலாக்செடினோடு அது சேர்ந்தால் செரட்டோனின் என்ற நரம்புச் செய்திப் பொருள் அளவுக்கு மீறிப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம், வலிப்பும் வரலாம். இந்த மருந்துகளில் எதை எடுத்தாலும் மது வேண்டாம். பிரீகாபலினும் அமிட்ரிப்டிலினும் மதுவோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், டுலாக்செடினோடு அதிகம் குடித்தால் ஈரல் பாதிக்கப்படும். இன்னொரு காரணமும் உண்டு. மது குடித்தால் சீக்கிரம் கண் சொருகும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. இதைத் தின்றால் ஃபைப்ரோமயால்ஜியா போகும், இதை விட்டால் போகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், எந்த ஒரு குறிப்பிட்ட உணவு முறைக்கும் அப்படி நிரூபணம் இல்லை. உங்களில் பலருக்கு குடல் எரிச்சலும் சேர்ந்தே இருப்பதால், வழக்கமில்லாத நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிடுவது தொல்லை தரும். நேரத்துக்குக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதைச் சரி செய்வது நல்லதுதான், ஆனால் அதனால் இந்த வலி குறையுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. வானிலையும் அப்படித்தான். குளிர் வந்தால் வலி கூடுகிறது என்று என்னிடம் வரும் பாதிப் பேர் சொல்கிறார்கள். ஆய்வுகளில் சிலருக்குத் தொடர்பு தெரிகிறது, சிலருக்குத் தெரிவதில்லை. உங்களுக்கு அப்படி இருந்தால் உங்கள் அனுபவத்தை நம்பிக் கழுத்தையும் கைகால்களையும் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஊருக்குப் போகிறீர்கள் என்றால், நீண்ட நேரம் அசையாமல் உட்காருவதுதான் பிரச்சினை. நாற்பது ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். காரில் போனால் நிறுத்தச் சொல்லுங்கள். கழுத்துக்கு உங்களுக்குப் பழகிய தலையணையையே எடுத்துப் போங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம். போய்ச் சேர்ந்த அன்றே எந்த நிகழ்ச்சியும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டாரைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்கு வருகிறேன். இந்த நோய் உள்ள எல்லோருக்கும் இந்தக் காயம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை சரி, எக்ஸ்ரே சரி, முகமும் நன்றாக இருக்கிறது, அப்புறம் என்ன வலி என்று கேட்பவர்களிடம் நீங்கள் வாதாடி ஜெயிக்க வேண்டியதில்லை. ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. இது அரிய நோய் இல்லை. பொதுமக்களில் நூற்றுக்கு இரண்டு முதல் நாலு பேருக்கு இருக்கிறது, ஆண்களுக்கும் வருகிறது. இதைக் கண்டறிய முறையான விதிகள் இருக்கின்றன. 1990-ல் உடலின் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடத்தில் வலிக்கிறதா என்று பார்த்தார்கள். 2010-ல் அதை மாற்றி, வலி எவ்வளவு பரவியிருக்கிறது, தூக்கம், அசதி, நினைவாற்றல் எப்படி இருக்கின்றன என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். 2016-ல் மறுபடியும் திருத்தினார்கள். 2021-ல் பிரிட்டனிலும் சுவீடனிலும் உள்ள ஆய்வாளர்கள், ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த நோய் எதிர்ப்புப் புரதங்களை (ஆன்டிபாடி) எலிகளுக்குச் செலுத்தினார்கள். அந்த எலிகள் அழுத்தத்துக்கும் குளிருக்கும் அதிகம் வலியைக் காட்டின. எலியால் நடிக்க முடியாது. இந்த ஆய்வு நோயின் காரணத்தை முடித்துவைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது. ஆனால் ‘எல்லாம் மனப் பிரமை’ என்பவருக்குக் காட்ட இது போதும்.

நடைமுறையில் எனக்குத் தெரிந்து பலன் கொடுப்பது வேறு. வீட்டில் உங்களைக் கொஞ்சமாவது புரிந்துகொள்ளும் ஒரே ஓர் ஆளைப் பிடியுங்கள், கணவரோ, மகளோ, நாத்தனாரோ. பண்டிகைக்குப் பத்து நாள் முன்னதாக, வலி இல்லாத ஒரு சாயங்காலத்தில் உட்கார்ந்து பேசுங்கள். “எனக்கு முடியாது” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “நான் காலையில் இரண்டு மணி நேரம் நிற்பேன், மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அறைக்குள் இருப்பேன், சாயங்காலம் எல்லோரோடும் உட்காருவேன், பாத்திரம் கழுவுவதும் வீடு கூட்டுவதும் என்னால் ஆகாது, அதை யார் செய்வது என்று சொல்லுங்கள்” என்று நேரமும் வேலையுமாகப் பேசுங்கள். நீங்கள் அறைக்குள் போகும்போது மற்றவர்களுக்கு அந்த ஆளே பதில் சொல்லட்டும். மாமியாரோ பெரியவர்களோ ஏதாவது சொன்னால், உங்கள் வாயால் விளக்குவதைவிட அந்த ஆள் “நான்தான் படுக்கச் சொன்னேன்” என்று சொல்வது பத்து மடங்கு வேலை செய்யும். கணவரைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை டாக்டரிடம் போவதும் நல்லது. டாக்டர் வாயால் கேட்டதும் மாறிப்போன கணவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாறாதவர்களையும் பார்த்திருக்கிறேன். மாறாவிட்டாலும், அட்டவணையை நீங்கள் கடைப்பிடியுங்கள்.

இவ்வளவு செய்தும் வலி கூடிவிட்டால்? கூடலாம். நீங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைக்காதீர்கள். முதல் நாள் வேலையை நன்றாகக் குறைத்துவிடுங்கள், ஆனால் முழு நாளும் படுக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். வெந்நீரில் குளிப்பதோ சூடான ஒத்தடமோ பெரும்பாலானவர்களுக்கு இதமாக இருக்கும், மாத்திரை இல்லாமல் கிடைக்கும் நிவாரணம் அது. இரண்டாம் நாள் வழக்கத்தில் பாதி, மூன்றாம் நாள் முக்கால் என்று ஏறி வாருங்கள். நீங்கள் பதினைந்து நாள் எழுந்திருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதில் முதல் மூன்று நாளுக்கு அப்புறம் உங்களைப் பிடித்து வைத்திருந்ததில் பெரும் பங்கு அசையாமல் படுத்திருந்ததுதான் என்பது என் சந்தேகம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் படுக்கை நீள நீளத் தசை பலம் குறைகிறது, தூக்கம் இன்னும் கெடுகிறது, வலி கூடுகிறது என்பது உறுதி.

இவை எல்லாவற்றையும் ஃபைப்ரோமயால்ஜியா தலையில் கட்டிவிடாமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய சில அறிகுறிகள் உண்டு. மூட்டு கண்ணுக்குத் தெரியும்படி வீங்கிச் சிவந்து சூடாக இருப்பது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ஒரு கையோ காலோ பலம் இழப்பது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலியோடு பார்வை மங்குவது, இவை எதுவும் இந்த நோயின் பகுதி இல்லை. நெஞ்சு வலியும் அப்படித்தான். விலா எலும்பு ஓரத்தில் வலிப்பது இந்த நோயில் சகஜம் என்றாலும், அழுத்துவது போன்ற நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, வியர்வை வந்தால் பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பண்டிகைக்கு முன்னால் டாக்டரை ஒருமுறை பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். என் மாத்திரையை எந்த நேரத்தில் போட்டால் காலையில் மந்தமாக இருக்காது? ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? நான் குறட்டை விடுவதாகவோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகவோ வீட்டில் சொல்கிறார்கள் என்றால், எனக்குத் தூக்கப் பரிசோதனை தேவையா? மூன்றாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் கூடவே இருந்து, அதற்குச் சிகிச்சை எடுத்த பிறகுதான் காலை அசதி முதல்முறையாகக் குறைந்தது என்று சொன்னவர்கள் என்னிடம் வந்தவர்களில் சிலர் உண்டு. உங்கள் தற்போதைய மாத்திரைகளின் பெயரையும், சராசரியாக எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்பதையும் எழுதினால், காலையில் எதில் தொடங்கலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.